மடக்கக்கூடியதா, நீளமானதா?

ஜூலை 9, செவ்வாய், காலை. சிறு தவறு ஒன்று நடந்திருக்கிறது. நேற்று கணினி நிரலைச் சுருக்கி எழுதியபோது பல்செட்டுக்குத் தனிக் கேள்வி வைக்க மறந்துவிட்டேன். யாராவது பல்செட்டைத் தேடி வந்தால், குடைக்கான கேள்விதான் திரையில் வரும். வாய்ப்பு குறைவு. ஒரு நாளில் எத்தனை பேர் பல்லைத் தொலைத்துவிடப் போகிறார்கள்?

பேருந்தில் நின்றபடியே இதை நாட்குறிப்பில் எழுதி, ‘வாய்ப்பு குறைவு’ என்பதற்குக் கீழே ஒரு கோடு போட்டாள். இறங்குவதற்குள் அந்தக் கோட்டின் மீதே சந்தேகம் வந்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியையும் போட்டு வைத்தாள்.

ரயில் நிலையத்தின் தொலைந்த பொருள் அலுவலகத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது, மழையில் ஜன்னலுக்கு வெளியே வரிசை நின்றது. வரிசையின் தலையில் ஒரு பெரியவர். வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு பக்கக் கதவு வழியாக உள்ளே நுழைந்தாள்.

அந்த அலுவலகத்தில் அவளுடைய வேலை பின்னறையில். ரயில்களில் விட்டுப்போன சாமான்களை மூட்டை பிரித்து, துடைத்து, அட்டை கட்டி, அலமாரியில் அடுக்க வேண்டும். ஈரக் குடைகளின் வாடையும், யாரோ மறந்துவிட்ட சாப்பாட்டு டப்பாக்களின் வாடையும் சேர்ந்து அவள் தலைமுடியில் குடியிருந்தன. அதிலிருந்து தப்பிக்கத்தான் மாலை வகுப்பில் சேர்ந்து நிரல் எழுதப் படித்தாள். எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டாள். வாயைத் திறந்தாலே ‘ஒருவேளை’ என்றுதான் ஆரம்பிப்பாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ‘ஒருவேளை’ என்றாகிவிட்டது.

ஜன்னலில் இருந்த கணினிக்கு எப்போதோ யாரோ ஒரு நிரல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதில் பொருள்கள் வகை வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன: குடை, பை, மூக்குக் கண்ணாடி, கைப்பேசி, பல்செட் என்று நீண்டு, கடைசியில் ‘மற்றவை’. ஒவ்வொரு வகைக்கும் மூன்று வேலைகள். தேடி வருபவரிடம் என்ன கேட்பது, எந்த அலமாரியில் பார்ப்பது, என்ன சீட்டு அச்சடிப்பது. எழுதியவர் குடைக்கு எழுதியதையே நகலெடுத்து மற்ற எல்லாவற்றுக்கும் ஒட்டி, அங்கங்கே ஒரு சொல்லை மாற்றியிருந்தார். அவள் முதல் மூன்று வகைகளைப் பொறுமையாகப் படித்தாள். மீதியும் அப்படித்தான் இருக்கும் என்று மேலோட்டமாக உருட்டிவிட்டாள்.

“ஒரே விஷயத்தைப் பத்து இடத்துல எழுதாதீங்க,” என்று வகுப்பில் ஆசிரியை சொல்லியிருந்தார். “பொதுவானதை மேல ஒரு தடவை எழுதுங்க. எது வித்தியாசமோ, அதை மட்டும் அந்தந்த வகைக்குக் கீழ வைங்க.”

அப்படியே செய்தாள். குடையின் கேள்வியைப் பொதுக் கேள்வியாக மேலே வைத்தாள். மற்ற வகைகளுக்குக் கீழே தனித்தனிக் கேள்வி, பல்செட்டைத் தவிர. நேற்று மாலை அதற்கு ‘இறுதி’ என்று பெயர் வைத்து, மாடியிலுள்ள கணினி அறைக்கு அனுப்பியும் விட்டாள்; அங்கிருந்து ஏற்றுவதுதான் ஜன்னலில் ஓடும்.

மேலாளர் நிபந்தனையைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தார். “செவ்வாய்க்கிழமை ஒரு நாள் பாப்போம். சாயங்காலம் நான் கீழ வருவேன். ஜன்னல்ல கூச்சல் இல்லைன்னா, அடுத்த மாசத்துலேர்ந்து உனக்கு மாடியில கம்ப்யூட்டர் வேலை. கூச்சல் இருந்துச்சுன்னா, பின்னறைக்கு நீ, உனக்குப் பின்னறை.”

ஜன்னலில் உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் ஜன்னல் அண்ணன் என்பார்கள். அவர் அந்தக் கணினித் திரையின் மேல்தான் தன் துண்டை உலர்த்துவார். அவள் ஓடிப்போய்த் துண்டை எடுத்தாள்.

“அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் மட்டும், திரையில என்ன வருதோ அதை அப்படியே படிச்சுக் கேளுங்க. சொந்தமா ஒரு வார்த்தை சேக்க வேணாம்.”

“ஏம்மா ஒருவேளை, அப்படி என்ன மாத்தியிருக்கே?”

“ஈனம்னு ஒண்ணு இருக்குண்ணே, அதை...”

“காலங்காத்தால என்ன வார்த்தை பேசறே?”

“ஐயோ, ப்ரோக்ராம்ல அதுக்கு இங்கிலீஷ் பேரே அதுதாண்ணே. வகைகளை வரிசையா அடுக்குறது.”

“பேரு வெச்சவனுக்கு வேற பேரே கெடைக்கலையா?” என்றபடி அவர் ஜன்னலைத் திறந்தார்.

பெரியவருடன் வந்திருந்த மகள் முன்னால் வந்தாள். “அப்பாவோட பல்செட்டுங்க. நேத்து ரயில்ல தும்மறதுக்காகக் கழட்டி ஓரமா வெச்சாரு. தும்மினாரு. இறங்கிட்டாரு.”

ஜன்னல் அண்ணன் ‘பல்செட்’ என்பதை அழுத்தினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பள்ளிப் பிள்ளை மாதிரி படித்தார்.

“மடக்கக்கூடியதா, நீளமானதா?”

“என்னது?”

“மடக்கக்கூடியதா, நீளமானதா?”

பெரியவர் கைக்குட்டையை எடுத்துவிட்டு மகளைப் பார்த்தார். “என்ன கேக்கறான்?”

“கைப்பிடி வளைந்திருக்குமா?”

“ஏங்க, எங்கப்பாவைப் பாத்தா உங்களுக்கு எப்படித் தெரியுது?”

“நான் கேக்கலைம்மா, திரை கேக்குது. விரித்தால் கிழிசல் ஏதும் தெரியுமா?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்னால் போகப் போகக் கூச்சலாக மாறியது. பெரியவர், பல் இல்லாத வாயால் என்னென்ன திட்ட முடியுமோ அத்தனையும் திட்டினார். பாதிதான் புரிந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

பின்னறையில் அவள் மடியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குடைக் கேள்வியைப் பொதுவாக்கியதுதான் வினை. எல்லாப் பொருளுக்கும் பொருந்துகிற ஒரு கேள்வி வேண்டும். எல்லாப் பொருளுக்கும் இருப்பது எது? நிறம்! பொதுக் கேள்வியை ‘என்ன நிறம்?’ என்று மாற்றினாள். கோப்புக்கு ‘இறுதி-2’ என்று பெயர் வைத்து மாடிக்கு அனுப்பிவிட்டு ஓடிவந்தாள்.

“அண்ணே, சரியாயிடுச்சு. இனிமே திரையைப் பாக்கவே வேணாம். எல்லார்கிட்டயும் என்ன நிறம்னு மட்டும் கேளுங்க.”

“நிறம் மட்டுமா?”

“அது ஒண்ணுதாண்ணே பொதுவானது.”

அவர் பெரியவரைப் பார்த்தார். “பெரியவரே, உங்க பல்லு என்ன நிறம்?”

“பச்சை!” என்று கத்தினார் பெரியவர். ‘ச்’ மட்டும் காற்றாகப் போனது.

“பச்சை இல்லையே,” என்று ஜன்னல் அண்ணன் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். “வெள்ளையிலதான் நாலு செட்டு இருக்கு. தள்ளி நில்லுங்க. அடுத்தது யாரு?”

அடுத்தது குடை. நிறம் கறுப்பு. அதற்கடுத்ததும் குடை, கறுப்பு. ஒரு பெண்மணி கைப்பை கேட்டாள், கறுப்பு. வரிசை திடீரென்று விறுவிறுவென்று நகர்ந்தது. அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, முதல்முறையாக ஒரு நீளமான மூச்சை விட்டாள். ‘பொதுவானதைக் கண்டுபிடித்தால் வேலை தானாக நடக்கிறது’ என்று நாட்குறிப்பில் எழுதினாள். மை காயவில்லை.

கைப்பைப் பெண்மணி திரும்பி வந்தாள். பையைக் கவிழ்த்து ஜன்னல் பலகையில் கொட்டினாள். நாலு கத்தரிக்கோல், ஒரு சவரக்கத்தி, சோப்பு நுரைக் கிண்ணம், ஒரு சின்னக் கண்ணாடி.

“இது என்னுதா? நான் நடனம் சொல்லிக் குடுக்கறேன். சவரம் பண்ணலை!”

“கறுப்புன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?”

“கறுப்புன்னா, உலகத்துல இருக்கற கறுப்பெல்லாம் எனக்கா?”

வரிசையின் வாலிலிருந்து ஒரு முடிதிருத்துபவர் கத்தினார். “அது என் பை! என் கத்தி! அந்தம்மா கையை எடுக்கச் சொல்லுங்க!”

அவர் வரிசையை உடைத்துக்கொண்டு முன்னால் வர, பின்னாலிருந்தவர்களும் உடைத்துக்கொண்டு வந்தார்கள். கறுப்புக் குடைகள் கைக்குக் கை பிடுங்கப்பட்டன.

அவள் மீண்டும் பின்னறைக்கு ஓடினாள். யோசனை தவறில்லை, வகுத்த விதம்தான் தவறு. எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வி என்பது அதிகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி என்பதும் அதிகம். நடுவில் குழுக்கள் வேண்டும். கையில் பிடிப்பவை ஒரு குழு, உடலில் போடுபவை ஒரு குழு, தோளில் மாட்டுபவை ஒரு குழு. கேள்வியைக் குழுவிடம் கொடுத்துவிட்டால், வகை தன் குழுவைக் கேட்டுக்கொள்ளும். அழகாக இருந்தது. அழகாக இருந்ததாலேயே அவளுக்குப் பயமாகவும் இருந்தது. ‘மற்றவை’ வகையை எதிலும் சேர்க்க முடியவில்லை; அதைப் பழைய நிரலில் இருந்தபடியே, திறந்துகூடப் பார்க்காமல், கொண்டுவந்து ஒட்டினாள். ‘இறுதி-3’ மாடிக்குப் போனது.

“அண்ணே, இப்ப குழு குழுவா வரும். உங்களுக்கு எந்தக் குழுன்னு சந்தேகமா இருந்தா, ‘மற்றவை’ன்னு அழுத்திடுங்க. அதுல வில்லங்கம் இல்லை.”

ஜன்னல் அண்ணன் காலையிலிருந்து பட்ட பாட்டில் எல்லாவற்றிலும் சந்தேகம் கொள்ளும் மனிதராகியிருந்தார். குடை கேட்டு ஒருவர் வந்தார்.

“இதைக் கையில பிடிப்பீங்களா, தோள்ல மாட்டுவீங்களா?”

“மழை பேஞ்சா பிடிப்பேன். இல்லைன்னா மாட்டுவேன்.”

“சந்தேகம்,” என்றார் ஜன்னல் அண்ணன். ‘மற்றவை’யை அழுத்தினார். சீட்டு அச்சாகி வந்தது. கிழித்துக் கொடுத்தார். அது மிகச் சுலபமாக இருந்தது. கேள்வி இல்லை, அலமாரி இல்லை, அழுத்தினால் சீட்டு. வாங்கிக்கொண்டு மறுபேச்சில்லாமல் போய்விட்டார்கள். குடை, மற்றவை. கைப்பேசி, மற்றவை. முடிதிருத்துபவர், மற்றவை. பெரியவர், மற்றவை.

ஜன்னலுக்கு வெளியே ஈ, காக்கை இல்லை.

“பாத்தியா,” என்றார் ஜன்னல் அண்ணன், தேநீரை ஆற்றியபடி. “உன் ப்ரோக்ராம்லயே இந்த ‘மற்றவை’தான் தங்கம்.”

“எல்லாரும் எங்கண்ணே போனாங்க?”

“சீட்டுல போட்டிருக்கற எடத்துக்கு.”

“என்ன போட்டிருக்கு?”

பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. நிலையக் காவல் அறையின் பெண் காவலர் நடைமேடையில் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், கையில் ஆளுக்கொரு சீட்டோடு, காலையில் நின்ற அதே வரிசை.

“யாரு இங்க பொறுப்பு?”

ஜன்னல் அண்ணன் யோசிக்காமல் அவளைக் காட்டினார்.

காவலர் ஒரு சீட்டை எடுத்து உரக்கப் படித்தார். “‘உரிமையை நிரூபிக்கக் காவல் அறையை அணுகவும்.’ ஏம்மா, நான் திருடனைப் பிடிக்கவா, இவரு பல்லைப் பிடிக்கவா? ஒரு சின்ன அறை. அதுல இருபது பேரு. நடுவுல ஒருத்தர் கத்தியைக் குடு, கத்தியைக் குடுன்னு கத்தறாரு. என்கூட வேலை பாக்கறவரு அவரை லாக்கப்ல போடப் போயிட்டாரு!”

“ஒருவேளை ‘மற்றவை’க்கு நான் சரியா...”

“ஒருவேளையும் இல்லை, ரெண்டு வேளையும் இல்லை. இனிமே ஒரு சீட்டு என் பக்கம் வந்துச்சு, எழுதினவங்களையும் சேத்து உள்ள வெச்சிடுவேன்.” போகிற போக்கில் அச்சு இயந்திரத்தைத் திறந்து, காகித உருளையை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்.

பின்னறை. மடிக்கணினி. ‘மற்றவை’யின் வாசகத்தை மாற்றி ‘இறுதி-4’. அனுப்பிய கையோடு, அலமாரி எண்ணில் சந்தேகம் வந்து ‘இறுதி-5’. அதையும் அனுப்பிவிட்டு யோசித்தாள். குழு என்றாலும் சிக்கல், பொது என்றாலும் சிக்கல். எந்த வகையும் எந்த வகையையும் நம்பியிருக்கக் கூடாது. குடைக்கு எழுதியதை நகலெடுத்தாள். பைக்கு ஒட்டினாள், ஒரு சொல்லை மாற்றினாள். கண்ணாடிக்கு ஒட்டினாள், ஒரு சொல்லை மாற்றினாள். வேலை முடிந்ததும் உருட்டிப் பார்த்தாள். அவள் சுருக்கத் தொடங்கிய பழைய நிரலைவிட இது நீளமாக இருந்தது.

அப்போது உள்தொலைபேசி அடித்தது. மேலாளர்.

“கீழ வர்றேன். என்னமோ சத்தம் கேக்குதே?”

“மழை சார்.”

மேலாளரிடம் அவள் ‘ஒருவேளை’ இல்லாமல் சொன்ன முதல் வாக்கியம் அது, அதுவும் பொய். ‘இறுதி-6’ஐ மாடிக்குத் தட்டிவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். நடன ஆசிரியை பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பெரியவரின் மகள் யாருக்கோ போன் போட்டு, “ஆமா, விரிச்சா கிழிசல் இருக்குமான்னு கேட்டாங்க!” என்று அழுதுகொண்டிருந்தாள். காவல் அறையிலிருந்து மீண்ட முடிதிருத்துபவர் எல்லோருக்கும் பொதுவாகச் சாபம் விட்டுக்கொண்டிருந்தார். மேலாளர் இறங்கி வர மூன்று மாடி. மின்தூக்கி பழுது. அந்த நிலையத்தில் அன்று அவளுக்குச் சாதகமாக இருந்தது அந்தப் பழுது ஒன்றுதான்.

“அண்ணே!” அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “கேள்வியும் வேணாம், திரையும் வேணாம். இத்தனை வருஷமா நீங்க எப்படிக் குடுத்தீங்களோ, அப்படியே குடுத்துடுங்க.”

“நெசமாவா?”

“நெசமா.”

“இதைக் காலைலயே சொல்லியிருக்கக் கூடாதா?” ஜன்னல் அண்ணன் எழுந்தார். துண்டை எடுத்துத் திரையின் மேல் விரித்தார். பக்கக் கதவின் தாழ்ப்பாளை நீக்கி, அகலத் திறந்தார். “உள்ள வாங்க, உங்களுதை நீங்களே பாத்து எடுத்துக்குங்க. மத்தவங்களுதைத் தொடாதீங்க.”

அவள் வாயைப் பிளந்தாள். “இப்படித்தான் குடுப்பீங்களா?”

“அவங்க பொருளை அவங்களைவிட எனக்கு நல்லாத் தெரியுமா?”

கூட்டம் உள்ளே போனது. அவள் நாள்தோறும் அட்டை கட்டி அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே புகுந்து, எடுத்து, பார்த்து, வைத்து, எடுத்துக்கொண்டு வெளியே வந்தது. நடன ஆசிரியை தன் பையை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள். முடிதிருத்துபவர் கத்தரிக்கோல்களை எண்ணிக்கொண்டே வந்தார். குடைகள் வந்தன, சில குடைகள், போனவர்களின் முகம் பார்த்தால், அவர்கள் தொலைத்ததைவிடக் கொஞ்சம் நல்ல குடைகள்.

கடைசியாகப் பெரியவர் வந்தார். வாய் நிறையப் பல்.

“அப்பா, இது உங்களுதுதானா?” என்றாள் மகள்.

“பேசாம வா,” என்றார் பெரியவர், ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக. “பழசைவிட இது நல்லா உக்காருது.”

படிக்கட்டில் மூச்சிரைப்பு கேட்டது. மேலாளர் வந்து நின்றார். கையில் இட மாற்ற உத்தரவு இருந்தது, கையெழுத்து இன்னும் இல்லை. ஜன்னலைப் பார்த்தார். வரிசை இல்லை. பலகை துடைத்து வைத்திருந்தது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

“சத்தம் மழைதானா?” என்றார் ஆச்சரியத்தோடு. பெரியவரை நிறுத்தினார். “ஐயா, எப்படி இருந்துச்சு எங்க சேவை?”

பெரியவர் பளிச்சென்று சிரித்தார். “நல்ல திருப்தி.”

மேலாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “செவ்வாய்க்கிழமை, அதுவும் மழையில, இந்த ஜன்னலை இப்படி நான் பாத்ததே இல்லை. புது ப்ரோக்ராம் பேசுது!” பேனாவை எடுத்து, ஜன்னல் பலகையில் தாளை வைத்து, கையெழுத்துப் போட்டார். “அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியிலேர்ந்து நீ மாடியில.”

தாள் அவள் கைக்கு வந்தது. ஆசைப்பட்ட தாள்தான். ஆனால் நெஞ்சு உறுத்தியது. அவளுடைய நிரல் காலையிலிருந்து ஒரு மனிதரைக்கூடச் சரியாக அனுப்பவில்லை. பெரியவரை அவமானப்படுத்தியது, சவரக்கத்தியை நடன ஆசிரியையிடம் கொடுத்தது, இருபது பேரைக் காவல் அறைக்கு அனுப்பியது. ஜன்னல் அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், ஒருவேளை நான் ஒரு உண்மையைச் சொல்லணும். இன்னிக்கு என் ப்ரோக்ராமாலதான்...”

“அட, இந்த ஒருவேளையை முதல்ல விடும்மா! அடக்கம் போதும்.”

“அடக்கம் இல்லை சார். காலைல பல்செட்டுக்குக் குடைக் கேள்வி வந்துச்சு. அது நான் பண்ண தப்பு.”

மேலாளரின் புருவம் மெல்ல ஏறியது. அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டில் சாவிக் கொத்துச் சத்தம் கேட்டது. மாடியில் கணினி அறையைக் கவனித்துக்கொள்கிறவர், வீட்டுக்குக் கிளம்பும் கோலத்தில், சாப்பாட்டுப் பையும் கையுமாக இறங்கி வந்தார். அவளைப் பார்த்ததும் நின்றார்.

“நல்லவேளை, போகலையா? காலைலேர்ந்து உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். ஆறு அனுப்பியிருக்கீங்க, ஆறுக்கும் பேரு ‘இறுதி’. ஒண்ணை ஏத்தலாம்னு உக்காருவேன், அதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கும். சரி, அந்தப் பொண்ணு யோசிச்சு முடிக்கட்டும்னு நான் எதையுமே ஏத்தலை, நாள் பூரா பழசுதான் ஓடிச்சு, பல்லுக்கும் குடைக் கேள்வியே கேக்குமே, அதேதான்; நாளைக்குக் காலைல முதல் வேலையா உங்க புதுசை ஏத்தணும், எதைன்னு சொல்லுங்க.”